பாக்டீரியாவின் தீனியே அதற்கு மருந்தாகுமா?

கேள்வி: கரிம வேதியியலில் முதுகலை முடித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை எதிர்கொள்ளச் சர்க்கரை மூலக்கூறுகளை அடிப்படையாகக் கொண்டு புதிய ஆன்டிபயாடிக்குகளை உருவாக்கும் தலைப்பை என் நெறியாளர் தந்திருக்கிறார். நுண்ணுயிரியல் படிக்கும் தோழியோ, "சர்க்கரை பாக்டீரியாவுக்குத் தீனி ஆயிற்றே, தீனி போட்டா அதைக் கொல்லப் போகிறாய்?" என்று சிரிக்கிறாள். எதை உருவாக்கினாலும் சில ஆண்டுகளில் அதற்கும் எதிர்ப்பு வந்துவிடும் என்றால், இந்த உழைப்புக்கு என்ன பொருள்? ஐந்து ஆண்டுகளை நம்பி இதில் செலவிடலாமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் தோழியின் கேலியிலிருந்தே தொடங்குகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. குளுக்கோஸ் பெரும்பாலான பாக்டீரியாக்கள் விரும்பி உண்ணும் பொருள்தான். ஆனால் அவை எல்லாச் சர்க்கரையையும் உண்பதில்லை. தம் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதத்துக்கும் உள்ளே காத்திருக்கும் நொதிகளுக்கும் பொருந்துகிற குறிப்பிட்ட வடிவங்களை மட்டுமே உண்கின்றன. குளுக்கோஸின் இரண்டாம் கார்பனிலிருந்து ஒரே ஓர் ஆக்சிஜனை நீக்கிவிட்டால் கிடைப்பது 2-டிஆக்சிகுளுக்கோஸ். செல் அதை உணவென்று நம்பி உள்ளே இழுக்கிறது, பாஸ்பேட்டையும் ஏற்றுகிறது. அதற்கு அடுத்த படியைக் கடக்க முடியாமல் அது செல்லுக்குள்ளேயே தேங்கி, உண்மையான குளுக்கோஸின் வழியையும் அடைத்துக்கொள்கிறது. ஓர் ஆக்சிஜன் இருந்தால் உணவு, இல்லாவிட்டால் இடையூறு. இதைத் தோழியிடம் சொல்லிப் பாருங்கள். நுண்ணுயிரியல் படிப்பவர் என்பதால் உடனே புரிந்துகொள்வார்.

அடுத்து, இது ஏதோ புதிதாக முளைத்த துறை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதைத் திருத்திக்கொள்வது நல்லது. காசநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் சர்க்கரைகளாலும் சர்க்கரையை ஒத்த ஒரு வளையத்தாலும் ஆனது. நுண்ணுயிரியலர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943-இல் பிரித்தெடுத்த அந்த மருந்தைத் தொடர்ந்து நியோமைசின், கானமைசின், ஜென்டமைசின் என்று அமினோ தொகுதி ஏந்திய சர்க்கரைகளைக் கொண்ட அமினோகிளைக்கோசைடு குடும்பம் பெருகியது. எரித்ரோமைசினின் பெரிய வளையத்தில் இரண்டு சர்க்கரைகள் தொங்குகின்றன. வான்கோமைசினின் முதுகிலும் இரண்டு இருக்கின்றன. கிளிண்டமைசினில் பாதி மூலக்கூறே எட்டுக் கார்பன் கொண்ட ஒரு விந்தையான சர்க்கரை. இந்தச் சர்க்கரைகள் அலங்காரத்துக்கு ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. செல்லில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமை எரித்ரோமைசின் பற்றிக்கொள்வதே அதன் அமினோ சர்க்கரையின் கையால்தான். உங்கள் நெறியாளர் உங்களைக் கொண்டுசெல்வது எண்பது ஆண்டுகளாக உழப்பட்ட நிலத்துக்கு. அதில் எந்த மூலை இன்னும் உழப்படவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் ஆண்டு வேலை.

இனி, "எதிர்ப்பு எப்படியும் வந்துவிடும்" என்ற உங்கள் கவலை. அது வரும். 1948-இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் சோதனையிலேயே அது தலைகாட்டிவிட்டது. ஆறு மாத முடிவில் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 காசநோயாளிகளில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரின் கிருமி அதற்குள்ளாகவே அம்மருந்துக்கு அடங்காததாக மாறியிருந்ததும் அதே சோதனையில்தான் பதிவாயிற்று. ஆகவே, எதிர்ப்பே வராத மருந்தை உருவாக்குவது உங்கள் இலக்காக இருக்கக் கூடாது. எதிர்ப்பு எந்த வழியில் வருகிறது என்று முதலில் படித்து, அந்த வழியில் பாக்டீரியாவின் கை பற்றும் இடத்தை மூலக்கூறிலிருந்து எடுத்துவிடுவதே இலக்கு. சர்க்கரையின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

அமினோகிளைக்கோசைடுகள் பாக்டீரியாவின் ரைபோசோமில், அதன் ஒரு பகுதியான 16எஸ் ஆர்.என்.ஏ.வின் ஒரு சிறு பள்ளத்தில் போய் அமர்கின்றன. அதனால் புரதம் கட்டும் இயந்திரம் எழுத்துகளைத் தவறாகப் படித்து, பழுதான புரதங்களைக் கட்டுகிறது. மருந்தை அந்தப் பள்ளத்தில் நிறுத்துபவை அதன் வளையங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில், அமினோ தொகுதிகள். எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியா என்ன செய்கிறது? அதே தொகுதிகளின் மேல் எதையாவது ஒட்டிவிடுகிறது. ஒரு நொதி அமினோவில் அசிட்டைலை ஏற்றும். இன்னொன்று ஹைட்ராக்சிலில் பாஸ்பேட்டை ஏற்றும். மூன்றாவது ஒரு நியூக்ளியோடைடையே கொண்டுவந்து வைக்கும். இவ்வாறு சுமையேற்றப்பட்ட மருந்து பள்ளத்தில் உட்கார முடியாமல் வெளியே நின்றுவிடுகிறது. மருந்துக்கு வலிமை தரும் அதே கைப்பிடிகள்தான் எதிரிக்கும் பிடி கொடுக்கின்றன என்பதை நீங்கள் மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்.

இதை முதலில் முறையாகப் பயன்படுத்திக்கொண்டவர், கானமைசினை 1957-இல் கண்டறிந்த ஜப்பானிய ஆய்வாளர் ஹமாவோ உமெசாவா. எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்கள் கானமைசின் வகை மருந்துகளின் ஒரு வளையத்தில் மூன்றாம் இடத்து ஹைட்ராக்சிலில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன என்பதை அவருடைய குழு கண்டது. ஹைட்ராக்சிலே இல்லாவிட்டால் பாஸ்பேட்டை எங்கே ஏற்றும்? மூன்றாம், நான்காம் இடத்து ஹைட்ராக்சில்கள் இரண்டையும் நீக்கி 1971-இல் அவர்கள் உருவாக்கிய டிபெகாசின், கானமைசினை முறியடித்த பாக்டீரியாக்களையும் அடக்கியது. எதிர்ப்பின் வேதியியலைப் படித்து, அதற்கு விடையாக ஒரு மருந்தை வரைந்த தொடக்க கால முயற்சிகளில் இதற்கு இணை சொல்வது கடினம். என் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே இதைத்தான் படிக்கச் சொல்வேன். அடுத்த ஆண்டே வந்த அமிகாசின் வேறு உத்தியைக் கையாண்டது. அதில் எதையும் நீக்கவில்லை. ஒரு அமினோ தொகுதியின் மேல் சிறிய பக்கச் சங்கிலியைச் சேர்த்தார்கள். ரைபோசோமின் பள்ளம் அதைப் பொறுத்துக்கொண்டது, பல நொதிகளின் வாய் பொறுத்துக்கொள்ளவில்லை. இந்த உத்தியின் நீட்சியாகப் பிளாசோமைசின் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மருந்தைத் தொடாமல், மருந்து அமரும் ரைபோசோமையே மாற்றிவிடும் நொதிகள் பரவலாயின. அவை 16எஸ் ஆர்.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்தில் ஒரு மெத்தில் தொகுதியை வைக்கின்றன. அந்த ஒரு மெத்திலால் ஜென்டமைசின், அமிகாசின், பிளாசோமைசின் மூன்றும் ஒருங்கே செயலிழக்கின்றன. கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குகளான கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் நொதிக்கான என்.டி.எம். மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியாக்களில், மெத்தில் வைக்கும் நொதியின் மரபணுவும் பலமுறை உடன்பயணியாக இருப்பது பெரும் தொல்லை. இங்கே கவனத்துக்கு வருவது அப்ராமைசின் என்னும் பழைய கால்நடை மருந்து. அதன் சர்க்கரைகள் நடு வளையத்தில் ஓரிடத்தில் மட்டுமே இணைந்திருப்பதால், அது பள்ளத்தில் வேறு விதமாகச் சாய்ந்து அமர்கிறது. அந்த மெத்தில் அதற்கு இடையூறாவதில்லை. மனிதர்களிடம் அதைச் சோதிக்கும் தொடக்க நிலை ஆய்வுகள் நடந்துள்ளன. புதிய மூலக்கூறு என்றால் ஒன்றுமில்லாததிலிருந்து படைப்பது என்று நினைத்துவிட வேண்டாம். மறந்துபோன மூலக்கூறு ஏன் தப்பிக்கிறது என்று கேட்பதும் ஆய்வுதான்.

கிளிண்டமைசினின் உறவுக்காரர்களிலும் இதே பாடம் உண்டு. ஹார்வர்டில் ஆண்ட்ரூ மையர்ஸ் குழு 2021-இல் அறிவித்த ஐபாக்சமைசினில் சர்க்கரைப் பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்க, அதனோடு இணைந்த அமினோ அமிலப் பகுதி விறைப்பான இரட்டை வளையமாக மாற்றப்பட்டது. எதிர்ப்புக்காக மெத்தில் ஏற்றப்பட்ட ரைபோசோமிலும் அது மெத்தில் ஏறிய எழுத்தைத் தள்ளிவிட்டு உட்காருகிறது. அதன் வழிவந்த கிரெசோமைசின் 2024-இல் வெளியானது. இரண்டுமே இயற்கை மருந்தை வெட்டி ஒட்டியவை அல்ல, முழுக்க ஆய்வகத்தில் கட்டப்பட்டவை என்பதை உங்களைப் போன்ற தொகுப்பு வேதியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ரைபோசோமை விட்டு வெளியே வந்தால், பாக்டீரியாவின் செல் சுவர் இருக்கிறது. என்னைக் கேட்டால், சர்க்கரை வேதியியலருக்கு இதைவிடச் சொந்தமான களம் வேறில்லை. அந்தச் சுவரின் நெடுக்கு இழைகள் என்-அசிட்டைல்குளுக்கோசமைன், என்-அசிட்டைல்மியூராமிக் அமிலம் என்ற இரு சர்க்கரைகள் மாறிமாறிக் கோத்த மாலைகள். பெப்டைடுகள் அவற்றைக் குறுக்கே பிணைக்கின்றன. மனித செல்லில் இப்படிப்பட்ட சுவரே இல்லை. பெனிசிலின் குறுக்குப் பிணைப்பைத்தான் தடுக்கிறது. மாலை கோக்கும் நொதியை நேராகத் தடுக்கும் மருந்து எதுவும் மனிதருக்கான சிகிச்சையில் இன்றுவரை வழக்கில் இல்லை. இயற்கையில் அதைச் செய்யும் பொருள் ஒன்று உண்டு. ஐந்து சர்க்கரைகளும் இருபத்தைந்து கார்பன் நீளமுள்ள கொழுப்பு வாலும் கொண்ட மோயனோமைசின், வளர்ந்துகொண்டிருக்கும் மாலையைப் போலவே தோற்றம் காட்டி, நொதியின் இருக்கையில் போய் அமர்ந்துவிடுகிறது. கால்நடைத் தீவனத்தில் பல பத்தாண்டுகள் சேர்க்கப்பட்டும் அதற்கெதிரான எதிர்ப்பு அரிதாகவே காணப்பட்டது. அமெரிக்க வேதியியலர் டேனியல் கானின் குழு 2006-இல் அதை முழுமையாகத் தொகுத்தது. 2007-இல் ஸ்டேஃபிலோகாக்கஸ் நொதியோடு அது பிணைந்திருக்கும் படிக வடிவமும் கிடைத்தது.

அப்படியென்றால் அது ஏன் மருந்துக் கடைக்கு வரவில்லை? குற்றவாளி அந்தக் கொழுப்பு வால். வாயால் கொடுத்தால் குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது. ஊசியால் ஏற்றினால் இரத்தத்தில் வேண்டாத அளவு நெடுநாள் தங்கிவிடுகிறது. வாலைக் குறுக்கினால் மருந்தின் வீரியம் குறைகிறது. இதோடு, இ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வை இவ்வளவு பெரிய மூலக்கூறு எளிதில் கடப்பதில்லை. இன்று மருத்துவர்களை அதிகம் கலங்கவைப்பவையோ அந்த வகை பாக்டீரியாக்களே. ஐந்து சர்க்கரைக்குப் பதிலாக இரண்டே சர்க்கரை, நீண்ட வாலுக்குப் பதிலாக வேறொரு சிறிய பிடிமானம் என்று நொதியின் இருக்கைக்குப் பொருந்தும் சிறு மூலக்கூறைத் தேடும் பணி இன்னும் திறந்தே கிடக்கிறது. கானின் குழுவே 1999-இல், வான்கோமைசினின் சர்க்கரையில் ஒரு கொழுப்புத் துண்டைச் சேர்த்தால் அது வான்கோமைசினின் வழக்கமான பிடிமானம் இல்லாமலேயே சுவர் கட்டும் வேலையை நிறுத்த முடிகிறது என்று காட்டியது. 2014-இல் அனுமதி பெற்ற ஒரிட்டாவான்சினிலும் மாற்றம் சர்க்கரையின் மேல்தான் செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் நெறியாளர் செல் சுவர்ப் பக்கம் நோக்கினால் மகிழ்ச்சியோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

கொல்லாமல் ஒட்டவிடாமல் செய்யும் வழியும் ஒன்று பேசப்படுகிறது. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்குக் காரணமான இ.கோலை, சிறுநீர்ப்பை உட்சுவரின் மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் குடியேறுகிறது; போலி மானோஸைக் கொடுத்து அந்தக் கையை நிரப்பிவிட்டால் அது கழுவப்பட்டுவிடும் என்பது கருத்து. செல்லைக் கொல்லாததால் எதிர்ப்புக்கான அழுத்தம் குறையும் என்ற வாதமும் நியாயமானதே. ஆனால் சாதாரண மானோஸ் பொடியை நம்பியவர்களுக்கு 2024-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனை ஏமாற்றம் அளித்தது: மீண்டும் மீண்டும் தொற்று வரும் 598 பெண்களிடம் நடந்த அதில், ஆறு மாதம் தினமும் மானோஸ் உட்கொண்டதால் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. பல மடங்கு இறுக்கமாகப் பற்றும்படி வடிவமைத்த மானோசைடுகள் வேறு விஷயம். அவற்றை இந்த முடிவைக்கொண்டு ஒதுக்கிவிடக் கூடாது.

இப்போது எச்சரிக்கைகள். சர்க்கரையைக் கட்டுவது பெப்டைடைக் கட்டுவது போலன்று. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை ஒவ்வொன்றும் ஒருமுறை வரும்படி கோத்தால் ஆறு வரிசைகள்தான் கிடைக்கும். ஆறு கார்பன் கொண்ட மூன்று ஹெக்சோஸ் சர்க்கரைகளைக் கோத்தால், எந்தக் கார்பன், எந்தத் திசை என்ற வேறுபாடுகளால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் சாத்தியம். இந்தப் பன்மைதான் மருந்து தேடுபவருக்குச் செல்வம்; அதைக் கட்டுபவருக்கோ தண்டனை. ஒவ்வொரு ஹைட்ராக்சிலுக்கும் அதை வினைபுரியாமல் மறைக்கும் காப்புத் தொகுதி போட்டு, வேண்டிய ஒன்றை மட்டும் திறந்து, இணைத்து, இணைப்பின் திசை ஆல்ஃபாவா பீட்டாவா என்று என்.எம்.ஆர். கருவியில் பார்த்து, கலவையாக வந்திருந்தால் பிரித்து, மீண்டும் தொடங்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஃபோண்டாபாரினக்ஸ் ஐந்தே சர்க்கரைகள் கொண்டது. அதைத் தொகுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகள் தேவைப்பட்டன. உங்கள் ஐந்து ஆண்டுகளில் மூன்று, காப்புத் தொகுதிகளோடு மல்லுக்கட்டுவதிலேயே கரையக்கூடும்.

இரண்டாவது எச்சரிக்கை நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆய்வைத் தொடங்கிய காலத்தில், சர்க்கரையின் ஒரு முனையில் நீண்ட கார்பன் சங்கிலிகளைச் சேர்த்து ஒரு வரிசையைத் தயாரித்தேன். சங்கிலி நீள நீளப் பாக்டீரியாக்கள் நேர்த்தியாகச் செத்தன. வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, ஏறத்தாழ ஓராண்டைக் கழித்தேன். பிறகு பக்கத்து அறையிலிருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் அவற்றைச் சிவப்பணுக்களோடு கலந்து பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்கள் உடைந்து குழாய் முழுதும் சிவந்துபோயிற்று. நான் செய்திருந்தது ஆன்டிபயாடிக் அன்று, சோப்பு. சவ்விலிருந்து புரதங்களைக் கரைத்தெடுக்க ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படும் ஆக்டைல் குளுக்கோசைடும் அதே அமைப்புக் கொண்டதுதான் என்பது அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரைக்குக் கொழுப்பு வால் சேர்க்கும் எவரும் பாக்டீரியாச் சோதனை செய்யும் அதே வாரத்தில் சிவப்பணுச் சோதனையையும் செய்துவிட வேண்டும்; தனி ஒரு கட்டமாக அதைத் தள்ளிவைக்கக் கூடாது.

சர்க்கரை என்பதால் உடலுக்குத் தீங்கு செய்யாது என்ற மயக்கமும் வேண்டாம். ஆன்டிபயாடிக்காகவே முதலில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோசோடோசின், குளுக்கோஸ் முகத்தைக் காட்டிக் கணையத்தின் பீட்டா செல்களுக்குள் நுழைந்து அவற்றை அழித்துவிடுகிறது. ஆய்வகங்களில் எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்குவதற்கே அது இன்று மிகுதியாகப் பயன்படுகிறது. அமினோகிளைக்கோசைடுகளால் சிறுநீரகம் பழுதடைவதும், செவியின் நுண்மயிர்ச் செல்கள் மடிந்து மீளாத காது கேளாமை ஏற்படுவதும் நன்கு அறியப்பட்டவை. நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோமுக்கு நெருங்கிய உறவு என்பது அதற்கு ஒரு காரணம். மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் 1555-ஆம் இடத்து எழுத்து மாறியவர்களுக்கு வழக்கமான அளவு மருந்தே செவியைப் பறித்துவிடலாம்.

ஐந்து ஆண்டுகளைச் செலவிடலாமா என்று கேட்டீர்கள். தேவை இருக்கிறதா என்றால், 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்ற மதிப்பீடே போதும். வேலை கிடைக்குமா என்றால், அதற்கு வேறு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பிளாசோமைசினுக்கு அனுமதி வாங்கிய நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. புதிய ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைப்பதால், அது நல்ல மருந்தாக இருக்க இருக்கக் குறைவாகவே விற்கிறது. ஆன்டிபயாடிக் நிறுவனம் என்ற ஒரே கதவை நம்பி இதில் இறங்க வேண்டாம். ஆனால் சர்க்கரைகளைக் கட்டத் தெரிந்த கைகள் குறைவு. தடுப்பூசித் துறையில் பாக்டீரியாவின் சர்க்கரை உறையைப் புரதத்தோடு பிணைக்கும் பணிக்கு அந்தக் கைகள் தேவைப்படுகின்றன. அந்தக் காரணத்துக்காக நான் "சேருங்கள்" என்றே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

தொகுப்பைத் தொடங்குமுன் நெறியாளரிடம் உட்கார்ந்து, உங்கள் மூலக்கூறு பாக்டீரியாவின் எந்த உறுப்பில் எந்த இடத்தில் அமர வேண்டும் என்று அவர் கருதுகிறார் என்பதைக் கேளுங்கள். "முதலில் ஐம்பது சேர்மங்களைச் செய்வோம், எது கொல்கிறது என்று பார்ப்போம்" என்பது விடையானால், பணிவாக மறுத்துத் தலைப்பைக் கூர்மையாக்கித் தரச் சொல்லுங்கள். இடம் தெளிவாக இருந்தால், அந்த இடத்துக்கு எதிரான எதிர்ப்பு நொதிகளைச் சுமக்கும் பாக்டீரியா வகைகள் எந்த நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து கிடைக்கும் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். சாதாரண ஆய்வக இ.கோலையைக் கொன்று காட்டுவதால் எதிர்ப்பைப் பற்றி எதுவும் தெரியவராது. அந்த வகைகளை வளர்க்கவும், பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவான எம்.ஐ.சி.யை நம்பகமாக எடுக்கவும், எதிர்ப்புப் பெற்றுத் தப்பிவந்த காலனிகளின் மரபணு வரிசையைப் படிக்கவும் ஒருவர் உங்களுக்குத் துணை வேண்டும். அதற்கு வெளியே தேடி அலையத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சிரித்த அந்தத் தோழியிடமே கேட்டுப் பாருங்கள்.